எண் மட்டும் தெளிவாக விழுந்த படம்

லென்ஸ் விஷயத்தில் நான் அடுத்தவர் பேச்சை நம்புகிறவன் இல்லை. யூடியூபில் ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, இந்த டெலி ஜூம் பிரமாதம், அந்த டெலி ஜூம் குப்பை என்று அடித்துச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் படம் எடுத்த இடத்தில் காற்று எப்படி இருந்தது, வெயில் எப்படி இருந்தது, யாருக்குத் தெரியும்? திருவொற்றியூர்க் கடற்கரையில் வந்து நின்று எடுத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று வாய்விட்டே திட்டுவேன். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது.

எங்கள் காற்று அப்படிப்பட்டது. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, வடக்கே எண்ணூர்ப் பக்கம் எப்போதும் ஒரு சாம்பல் மூட்டம். காலையில் பளிச்சென்று தெரிகிற கப்பல், வெயில் ஏறினால் நெளிய ஆரம்பித்துவிடும். எவ்வளவு உசத்தி லென்ஸாக இருந்தாலும் அந்த நெளிவைத் தாண்டிப் பார்க்க முடியாது. அதனால் எதையும் வெயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

என் பிழைப்பு கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. கூடவே ஃப்ளெக்ஸ் பேனர். பிறந்த நாள் வாழ்த்தும் நான்தான் அடிப்பேன், கண்ணீர் அஞ்சலியும் நான்தான் அடிப்பேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால் சாமியானா போடுகிறவருக்குப் போகும் போனுக்கு அடுத்த போன் எனக்குத்தான் வரும். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ப் பறவைகளை எடுப்பேன். பறவை என்ன, கூப்பிட்டால் கிட்டே வந்து நிற்கவா போகிறது? அதற்காகத்தான் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற டெலி ஜூம்.

என்னிடம் இருந்த லென்ஸ் பழையது. கடற்காற்றில் ஒருமுறை உள்ளே ஃபங்கஸ், அதாவது பூஞ்சை பிடித்து, கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியது. அது இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கவலை இருந்தது. வண்ணாரப்பேட்டையில் என் தோஸ்து ஒருவன் இருக்கிறான், அவனும் கல்யாண வேலைதான். அவன் தன்னுடைய டெலி ஜூமை விற்கப்போவதாகச் சொன்னான். "ஒரு வாரம் வெச்சிகினு பாரு மாமு, புட்ச்சா எட்துக்கோ" என்று பையோடு கொடுத்துவிட்டான். இரண்டில் எது ஷார்ப் என்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று நான் இறங்கினேன்.

எல்லோரும் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது ஒத்துவராது. தூரத்துப் பொருளுக்காக வாங்குகிற லென்ஸை மொட்டைமாடிச் சுவரில் சோதித்து என்ன பிரயோசனம்? எனக்கு ஒரு வழி இருந்தது. ஃபைபர் படகுகளின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் பதிவு எண் எழுதியிருப்பார்கள். கையால் எழுதியது. பிரஷ் திரும்பின இடம், பெயின்ட் வழிந்த இடம், உப்பில் உரிந்த இடம் எல்லாம் அதில் இருக்கும். நல்ல லென்ஸ் என்றால் அதெல்லாம் தெரியும். சுமாரான லென்ஸ் என்றால் எண் மட்டும் தெரியும். பல வருடங்களாக எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் படகு எண்ணை எடுத்துத்தான் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார். உறவு இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஃபைபர் படகில் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் பிடிப்பவர். டீக்கடையில் அவரைப் பார்த்தபோது, மறுநாள் கரைக்குத் திரும்பும்போது தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் படகைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டேன். தூண்டில் வளைவு என்பது கடல் அரிக்காமல் இருக்கப் பாறைகளைக் கொட்டி நீட்டியிருக்கும் கல் சுவர். அதன் முனையில் நின்றால் படகுகள் கிட்டத்தில் போகும்.

"இன்னாத்துக்குடா?" என்றார்.

"படகு நம்பர எடுத்துப் பாக்கணும்ணா. ரெண்டு லென்ஸ் இருக்கு, எது நல்லதுன்னு தெரியணும்."

"கரையில ஏத்தி வெச்சப்பால கிட்ட வந்து தொட்டுப் பாரேன். எட்ட நின்னு இன்னாத்த பாக்கப் போற?"

"எட்ட நின்னு பாக்கறதுதாண்ணா என் பொழப்பே."

அவர் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் வழக்கமே அப்படித்தான்.

ஆனால் மறுநாள் காலையில் நிறுத்தினார். படகுகள் எப்போதும் அலை உடைகிற இடத்துக்கு வெளியே சற்றுக் காத்திருந்து, நல்ல அலையாகப் பார்த்துத்தான் உள்ளே நுழையும். அன்று அவர் வேண்டுமென்றே கூடுதலாகக் காத்திருந்தார். மீனோடு திரும்பிவந்த அவர் படகின் மற்ற ஆட்கள் கத்துவது எனக்கே கேட்டது. நான் ட்ரைபாடைப் பாறை இடுக்கில் ஊன்றி, முதலில் என் லென்ஸில் எடுத்தேன். பிறகு அவசரமாக லென்ஸை மாற்றி, தோஸ்துவின் லென்ஸில் எடுத்தேன். மாற்றுகிற வரைக்கும் அவர் எஞ்சினைத் தணித்து, படகின் மூக்கைக் கரையைப் பார்க்கப் பிடித்து வைத்திருந்தார். கை காட்டியதும் ஓர் அலையோடு உள்ளே போனார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை, அதற்குள் கேமராத் திரையில் எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. என் பழைய லென்ஸில் எண் கத்தி மாதிரி இருந்தது. அதில் மூன்று என்ற இலக்கத்தின் வாலில் பெயின்ட் சொட்டி வழிந்திருந்தது, அந்தச் சொட்டின் நுனிகூடத் தெரிந்தது. தோஸ்துவின் லென்ஸில் அதே மூன்று பஞ்சு வைத்துத் துடைத்ததுபோல் மங்கியிருந்தது. அடுத்தடுத்து எடுத்த எல்லாப் படங்களும் அப்படியே. லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவில் போனேன். "உன் லென்ஸ் சாஃப்ட்டுடா, என் கிழவனே தேவல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தேன் அல்லவா.

அந்தப் படங்களை அழிக்கவில்லை. அழிக்கச் சோம்பேறித்தனம். அவ்வளவுதான் காரணம்.

சில வாரங்கள் கழித்து, தென்காற்று அடிக்கிற நாட்களில்தான் அது நடந்தது. விடிகிற நேரத்தில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது அலை புரட்டி அண்ணனின் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் டீசல் கேன்களைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள், பழவேற்காட்டுப் பக்கப் படகு ஒன்று அவர்களைத் தூக்கியது. பின்னால் எஞ்சினோடு இருந்த அண்ணனை யாரும் பார்க்கவில்லை. கவிழும்போது ஒரு சத்தம் கேட்டதாக ஒருவர் சொன்னார். அப்படி எதுவும் கேட்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். படகு உடைந்து துண்டுகளாகக் கரை ஒதுங்கியது. குப்பத்துப் படகுகள் எல்லாம் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போயின.

அந்தக் காற்றில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். இங்கே விழுந்தவர்கள் ஆந்திராப் பக்கம் கரையேறிய கதைகள் எங்கள் குப்பத்தில் உண்டு. ஏதாவது ஒரு படகு தூக்கியிருக்கும், போன் இல்லாமல், பேச முடியாமல் ஏதோ ஒரு ஊரில் படுத்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது நம்பினேன்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் அண்ணி என் கடைக்கு வந்தார்கள். காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்பவர்கள் அவர்கள். எப்போதும் குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வரும். அன்று வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, உன் கேமராவுல அவுரு படம் எதுனா கீதா?"

"ஏன் அண்ணி, வீட்ல இல்லியா?"

"கல்யாணப் படத்துல மீசையே மொளைக்கல. ஆதார்ல கீறத பாத்தா எனக்கே அடையாளம் தெர்ல. என் போன்ல பசங்க படமும் மீன் படமுந்தான். அவுரு போன் அவுருகூடவே பூட்ச்சி. ஆந்திராகாரனுக்கு அனுப்பணும்னு சொல்றாங்கோ. இப்ப எப்டி கீறாரோ அந்த மாரி ஒரு படம் வோணும்."

எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன் இந்தத் தெருவில். ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். பந்தியில் அவர் முதுகு. மேடையில் பத்துப் பேருக்குப் பின்னால் பாதி நெற்றி. படம் எடுக்கிறார்கள் என்றாலே நழுவிவிடுகிற மனிதர். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் லென்ஸ் சோதித்த படங்கள் ஞாபகம் வந்தன.

என் பழைய லென்ஸில் எடுத்ததைத் திறந்தேன். நல்ல லென்ஸ் அல்லவா. எண் அப்படியே கண்ணில் குத்தியது. படகின் பின்கோடிக்குத் திரையை நகர்த்தினேன். அங்கே ஒரு கலங்கல். சட்டை என்று ஒரு நீலம், தலை என்று ஒரு கருப்பு, அதுவும் அலையைப் பார்க்கப் பாதி திரும்பி. ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. தள்ளி நின்று டெலியில் எடுக்கும்போது ஒரு சிறு தூரம்தான் தெளிவாக விழும், அதற்கு முன்னும் பின்னும் கலைந்துவிடும். படகின் மூக்குத் தெளிவாக விழுந்ததால் வால் போய்விட்டது.

அதையே காட்டினேன். "இதுதான் அண்ணி இருக்கு" என்றேன். அண்ணி உதட்டைப் பிதுக்கினார்கள்.

வேறு வழியில்லாமல்தான் தோஸ்துவின் லென்ஸில் எடுத்ததைத் திறந்தேன். மங்கலான எண். நான் குப்பை என்று ஒதுக்கியது. அதைத் தாண்டி அந்தப் படத்தில் வேறு எதையும் நான் அன்றைக்குப் பார்த்திருக்கவே இல்லை. பின்கோடிக்கு நகர்த்தினேன்.

அண்ணன் இருந்தார். முழுசாக, தெளிவாக இருந்தார். எஞ்சின் பிடியில் ஒரு கை. கன்னத்தில் காய்ந்த உப்பு வெள்ளை வெள்ளையாக. தாடியின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. புருவத்தைத் தூக்கி நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சா, போகட்டுமா என்று கேட்கிற முகம். அண்ணி எதிரில் அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அண்ணி அழவில்லை. எழுந்து வந்து திரையைத் தொட்டார்கள்.

"தாடி இத்தினி நரைச்சிட்ச்சா? நான் கவனிக்கவே இல்ல தம்பி."

பிறகு தோஸ்துவிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவன்தான் விளக்கினான். அந்த லென்ஸில் குறை ஒன்றும் இல்லை. என் கேமராவில் மாட்டினால் அதன் ஃபோகஸ் குறி வைத்த இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான். கேமராவுக்குள்ளேயே சின்னத் திருத்தம் போட்டால் சரியாகிவிடும். அது எனக்கும் தெரிந்த சங்கதிதான், எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் எண்ணைப் பார்த்தே பழகின கண்ணுக்கு, எண் மங்கல் என்றால் படமே மங்கல்.

அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, கீழே தமிழிலும் தெலுங்கிலும் போன் நம்பர் போட்டு அண்ணிக்கு அனுப்பினேன். அண்ணனுக்கு மூத்தவர் ஒருவர் உண்டு, நாங்கள் பெரியண்ணன் என்போம். கரையில் இருந்து வலை தைப்பவர். அவர்தான் அந்தப் படத்தைக் குப்பம் குப்பமாக அனுப்பினார். பழவேற்காடு, நெல்லூர்ப் பக்கம், அதற்கும் மேலே. தெலுங்கு தெரிந்தவர்களைப் பிடித்துக் குரல் பதிவு போட்டு அனுப்பினார். அங்கிருந்து யாரோ, இதே ஜாடையில் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பெரியண்ணன் ராயபுரத்தில் ஒரு வேனைப் பிடித்துப் போனார். அது வேறு ஆள்.

நாட்கள் போயின. தேடப் போகும் படகுகள் குறைந்தன. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அண்ணி மறுபடி காசிமேட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். நெற்றியில் பொட்டு இருந்தது. அதைத் தெருவில் சிலர் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படிப் பார்த்தவர்களை நாலு வார்த்தை கேட்கலாமா என்று இருந்தது, கேட்கவில்லை.

ஒருநாள் பெரியண்ணன் கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"பேனர் ஒண்ணு போடணும் தம்பி."

எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளு இப்டியே வுட்றது? ஒரு வெளக்கும் இல்ல, ஒரு படையலும் இல்ல. அவன் ஆத்மா தண்ணிலயே அலஞ்சிகினு கெடக்கணுமா? பெரியவங்கள்ளாம் கேக்கறாங்கோ. காரியத்த முட்ச்சிடலாம்னு கீறோம். அந்தப் படத்தியே போட்டுரு."

கண்ணீர் அஞ்சலி பேனரில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி வரும். மறைவு என்று என்ன தேதி போடுவது என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியாது, தொழில் அப்படி. அவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடலுக்குப் போன தேதியப் போடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே அண்ணி வந்தார்கள். கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"பெரியவரு பேனர் சொல்லிட்டாரா?"

"சொன்னாரு அண்ணி."

"எந்தப் படம்?"

கம்ப்யூட்டரில் அது திறந்தேதான் இருந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தைப் போட்டு, ஓரத்தில் இரண்டு விளக்கு வைத்து, மாலையை மட்டும் இன்னும் வைக்கவில்லை. மறைக்க நேரமில்லை. அண்ணி பார்த்துவிட்டார்கள்.

"அத்த போடாத தம்பி."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"காரியம் பண்ணட்டும். நான் வோணான்னு சொல்லல. கூடப் பொறந்தவரு, அவுருக்கும் மனசு ஆறணும். ஆனா இந்தப் படம் தேடறதுக்கு. இதுக்கு மாலையப் போட்டுத் தெருவுல கட்டிட்டா, அப்பால இதே படத்த இன்னொருத்தருக்கு எப்டி அனுப்புவேன்? செத்தவரு படத்த அனுப்பி, உசுரோட கீறாரான்னு கேக்கச் சொல்றியா?"

"அப்ப எதப் போடறது அண்ணி? வேற படம் இல்லியே."

"மொதல்ல ஒண்ணு காட்னியே, நம்பரு மட்டும் தெரியுமே, அத்த போடு. படகுதான செத்துது. அதுக்குப் போடட்டும் மாலை."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனை அஞ்சலி பேனர் அடித்திருப்பேன், எந்தப் படத்தை வைப்பது என்று ஒருநாளும் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. அன்று வந்தது. அண்ணி சொன்னது நியாயம் என்று பட்டது. பெரியண்ணனை எதிர்கொள்ள வேண்டுமே என்று பயமாகவும் இருந்தது. கடைசியில், தெளிவாக இருந்த முகத்தை எடுத்துவிட்டு, என் நல்ல லென்ஸில் எடுத்த படத்தை வைத்தேன். மாலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. படத்தைச் சுற்றி வைத்தேன்.

காரியத்தன்று காலையில் பேனரைத் தெருமுனையில் நானே கட்டினேன். பெரியண்ணன் அப்போது கடற்கரையில் இருந்தார். வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். படகின் எண் அவ்வளவு பெரிதாக, மூன்றின் வாலில் சொட்டிய பெயின்ட் வரைக்கும் தெரிந்தது. பின்னால் ஒரு நீலக் கலங்கல்.

"இன்னா நைனா இது, மூஞ்சியே தெர்லயே? உன்கிட்ட நல்ல படமே இல்லியா?" என்று வயசான ஒருவர் கேட்டார்.

"லென்ஸ் சரியில்ல" என்றேன்.

பெண்கள் உள்ளே என்ன பேசினார்கள், என்ன வாக்குவாதம் நடந்தது, எனக்குத் தெரியாது. அழுகைச் சத்தம் கேட்டது, நடுவில் அண்ணியின் குரல் ஒருமுறை உயர்ந்து அடங்கியது. அவர்கள் வெளியே வந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. யாரையும் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சோறு போட உட்கார்ந்தார்கள்.

பெரியண்ணன் கரையிலிருந்து திரும்பி வந்தார். மொட்டைத் தலை, வேட்டியை மட்டும் மாற்றியிருந்தார், நெஞ்செல்லாம் ஈரம். பேனருக்கு முன்னால் நின்றார். நான் சாமியானாக் கம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார், கிழித்துப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அவ சொன்னாளா?"

"ஆமாண்ணா."

அவர் தலையை ஆட்டினார். பந்தலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மடியிலிருந்து போனை எடுத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எதையோ தேடினார். என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். போனில் அண்ணன் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த இன்னும் கொஞ்சம் பெருசாத் தெரியற மாரி பண்ணிக் குடு தம்பி" என்றார் பெரியண்ணன். "காக்கிநாடாப் பக்கம் ஒருத்தரு நம்பர் கெட்ச்சிகீது."